மடலும் பண்ணைப் பேரேடும்: மான்டிசெல்லோவில் தாமஸ் ஜெஃபர்சனின் ஓய்வுக்காலம்

முன்னுரை

பதவியிலிருந்து விலகிய அரசியலாளர் சொந்த மண்ணுக்குத் திரும்புவது ஆந்திரத்தின் தென்பகுதி மக்கள் நன்கறிந்த காட்சியாகும். திருச்சானூரில் பிறந்து, சித்தூரில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, 1956 முதல் 1962 வரை மக்களவைத் தலைவராகவும் பின்னர் 1967 வரை பீகார் ஆளுநராகவும் விளங்கிய மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார், பதவிக்காலம் முடிந்ததும் திருப்பதிக்கே திரும்பினார். 1978இல் மறையும்வரை அங்குள்ள வடமொழிக் கல்வி நிறுவனத்தின் வளர்ச்சியில் ஈடுபட்டிருந்தார். நீலம் சஞ்சீவ ரெட்டி 1969ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் தோல்வியுற்றபின் அனந்தப்பூர் மாவட்டத்து இல்லூருக்குச் சென்று வேளாண்மையை மேற்கொண்டார்.

இத்தகைய திரும்புதல்களுள் நாள்தோறும் எழுதப்பட்ட சான்றுகளோடு மிக விரிவாக அறியக் கிடைப்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மூன்றாவது குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சனுடையது (1743–1826). 1809 மார்ச்சு 4ஆம் நாள் பதவி நீங்கிய அவர், அதே மாத நடுவில் வர்ஜீனியா மாநிலத்தில் தமது மான்டிசெல்லோ பண்ணையை அடைந்தார். அதன்பின் வாழ்ந்த பதினேழு ஆண்டுகளில் அவரது மேசையிலிருந்து இருவகை எழுத்துகள் பிறந்தன. ஒன்று, உலகத்தாருக்கு எழுதிய மடல்கள்; மற்றொன்று, பண்ணையில் உழைத்த அடிமைகளைப் பெயர் பெயராகப் பதிந்த பேரேடு. இவ்விரண்டையும் இணைத்து நோக்கி, எழுதும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைவீட்டின் ஒரு நாள்

‘மான்டிசெல்லோ’ என்னும் இத்தாலியச் சொல்லுக்குச் ‘சிறுமலை’ என்பது பொருள். ஏறத்தாழ 5,000 ஏக்கர் பரப்புடைய அப்பண்ணை நான்கு பிரிவுகளாக நிருவகிக்கப்பட்டது. தொடக்கத்தில் புகையிலையே முதன்மைப் பயிராக இருந்தது. 1790களில் கோதுமை அதன் இடத்தைப் பெற்றது. வீட்டையொட்டிய ‘மல்பெரி வரிசை’ என்னும் பாதையின் இருமருங்கிலும் தச்சுப்பட்டறை, கொல்லுலை, ஆணிப்பட்டறை, அடிமைகளின் குடில்கள் ஆகியன இருந்தன. மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த காய்கறித் தோட்டத்தின் நீளம் 1,000 அடி.

ஜெஃபர்சனின் அன்றாட ஒழுங்கை அவரே 1819 மார்ச்சில் வைன் அட்லி என்னும் மருத்துவருக்கு எழுதிய மடலில் விளக்கியுள்ளார். இரவு எந்நேரம் படுத்தாலும் கதிரவன் எழும்போதே எழுந்துவிடுவார். காலையில் குளிர்ந்த நீரில் கால்களை நனைக்கும் வழக்கத்தை அறுபது ஆண்டுகள் கடைப்பிடித்ததாகவும், தமக்குச் சளித்தொல்லை அரிதானமைக்கு அதுவே காரணம் எனக் கருதுவதாகவும் கூறுகிறார். ஊனைக் காய்கறிக்குத் துணைக்கறி போலச் சிறிதளவே உண்டார். உறங்குமுன் சிறிது நேரமேனும் படிக்காமல் இருப்பதில்லை.

வானிலையை நாள்தோறும் விடியலிலும் பிற்பகல் நான்கு மணியளவிலும் அளந்து குறித்தார். தோட்டத்தில் விதைத்த நாள், முளைத்த நாள், சமையலறைக்கு வந்த நாள் ஆகியவை 1766இல் தொடங்கிய தோட்டக் குறிப்பேட்டில் 1824 வரை இடம்பெற்றுள்ளன. தாம் கிழவரெனினும் தோட்டக் கலையில் இளையவரே என 1811இல் ஓவியர் சார்லஸ் வில்சன் பீலுக்கு எழுதினார். நண்பகலுக்குப்பின் குதிரைமீதேறிப் பண்ணையைச் சுற்றிவருவது வழக்கம்.

இந்த ஒழுங்கு பிறர் உழைப்பின்மீது அமைந்தது. வீட்டு நிருவாகத்தை மகள் மார்த்தா ராண்டால்ஃப் ஏற்றிருந்தார். உணவை ஈடித் ஃபாசெட் சமைத்தார். வீட்டுப் பணிகளைப் பர்வெல் கோல்பெர்ட் மேற்பார்த்தார். தோட்டத்தை வொர்ம்லி ஹியூஸ் பேணினார். இம்மூவரும் அடிமைகள்.

மடல் பெருக்கம்

ஓய்வுக்காலத்தில் ஜெஃபர்சனை மிகவும் களைப்புறச் செய்தது மடல் எழுதும் பணியேயாகும். கதிரவன் எழுந்தது முதல் பிற்பகல் ஒன்று அல்லது இரண்டு மணி வரையிலும், பலநாள் உணவுக்குப்பின் இருட்டும் வரையிலும் எழுதுமேசையில் உழல்வதாக அவர் 1817இல் ஜான் ஆடம்ஸிடம் முறையிட்டார். 1820ஆம் ஆண்டில் தமக்கு வந்த மடல்களை எண்ணிப்பார்த்து, அவை 1,267 எனப் பின்னர் அவருக்கே தெரிவித்தார். அவற்றுள் பல, நீண்ட ஆராய்ச்சிக்குப்பின் விடையெழுத வேண்டியவை.

இப்பெருக்கத்திற்கு அஞ்சல் முறையும் ஒரு காரணம் எனலாம். அக்காலத்தில் அஞ்சல் கட்டணத்தைப் பெறுபவரே செலுத்துவது பெருவழக்கு. ஜெஃபர்சனுக்கு வரும் மடல்களுக்குக் கட்டணம் விலக்கி 1809 ஜூனில் அமெரிக்கப் பேரவை சட்டமியற்றியது. எனவே முன்பின் அறியாதோரும் தயக்கமின்றி அவருக்கு எழுதலாயினர். வேலை வேண்டியவர், நூலுக்கு மதிப்புரை கேட்டவர், கலப்பையைப் பற்றி ஐயம் வினவியவர், சமயக் கொள்கையைச் சோதிக்க விரும்பியவர் எனப் பலதிறத்தார் எழுதினர். 1786இல் பாரிசில் வலக்கை மணிக்கட்டு பிசகியதன் வலி முதுமையில் மிகுந்தபோதிலும் அவர் தம் கையாலேயே விடையெழுதினார்.

எழுதியதன் படியைத் தம்மிடம் வைத்துக்கொள்ள அவர் கையாண்ட கருவி குறிப்பிடத்தக்கது. ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் கண்டுபிடித்து, பீல் செம்மைப்படுத்திய ‘பாலிகிராஃப்’ என்னும் அப்பொறியில் இரு எழுதுகோல்கள் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றைக் கையில் பிடித்து எழுதும்போது மற்றொன்று அருகிலுள்ள தாளில் அதே எழுத்தை எழுதும். 1804 முதல் இறுதிவரை இக்கருவியை அவர் பயன்படுத்தினார். மேலும் 1783 முதல் வந்த மடல், சென்ற மடல் ஆகிய இரண்டையும் நாள்வாரியாகக் குறித்த பதிவேடு ஒன்று 656 பக்கங்களுக்கு நீண்டது. வாழ்நாளில் அவர் எழுதிய மடல்கள் சுமார் 19,000 என மதிப்பிடப்படுகின்றன. அவரது தாள்களின் தொகுப்பைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1950 முதல் வெளியிட்டு வருகிறது. ஓய்வுக்கால மடல்களுக்கெனத் தனி வரிசை 2004இல் தொடங்கப்பெற்றது.

இவற்றுள் ஆடம்ஸுடன் நடத்திய மடற்போக்குவரத்தே பெரிதும் போற்றப்படுவது. 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிரெதிராக நின்று பிரிந்த இவ்விருவரையும் மருத்துவர் பெஞ்சமின் ரஷ் மீண்டும் இணைத்துவைத்தார். 1812 சனவரி முதல் 1826 வரை 158 மடல்கள் பரிமாறப்பட்டன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆடம்ஸ் எழுதியவை. கிரேக்க மொழியின் ஒலிப்பு, இயல்பான உயர்குடி என ஒன்று உண்டா என்னும் வினா, முதுமை, இறப்பு என அவற்றின் பொருட்பரப்பு விரிந்தது.

சொல்லாய்வும் சொல்லிழப்பும்

ஜெஃபர்சனின் மடல்கள் மொழியியலாருக்கும் பயன்படுவன. 1813 ஆகஸ்டில் ஜான் வால்டோ என்னும் இலக்கண ஆசிரியருக்கு எழுதிய மடலில் தம்மைப் புதுச்சொல்லாக்கத்தின் நண்பர் என அறிமுகப்படுத்திக்கொண்டார். புதிய நிலப்பரப்பில் புதிய வாழ்க்கை நடத்தும் மக்களுக்குப் புதுச்சொற்கள் இன்றியமையாதவை என்பதும், அதனால் அமெரிக்கக் கிளைமொழி ஒன்று உருவாகும் என்பதும் அவர் கருத்து. 1820இல் ஆடம்ஸுக்கு எழுதியபோது, அகராதி என்பது வழக்கால் ஏற்கப்பட்ட சொற்களின் வைப்பிடமே என்றும், சொற்கள் உருவாகும் பட்டறை மக்கள் சமுதாயமே என்றும் விளக்கினார். இலக்கணத்தார் விதியினும் வழக்கையே முதன்மையாகக் கொண்ட இக்கருத்து அக்காலத்திற்கு முற்போக்கானதாகும்.

அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் அடிப்படைச் சொற்களைத் திரட்டுவதில் அவர் சுமார் முப்பது ஆண்டுகள் முயன்றார். ஏறத்தாழ 280 சொற்கள் கொண்ட அச்சிட்ட படிவத்தைப் பலருக்கும் அனுப்பி நிரப்பிப் பெற்றார். 1791இல் நீள்தீவில் உங்கச்சாக் மொழிச் சொற்களைத் தாமே கேட்டெழுதினார். ஓய்வுபெற்றபின் இவற்றை ஒப்பிட்டு வெளியிடுவது அவர் திட்டம். ஆனால், 1809இல் வாஷிங்டனிலிருந்து மான்டிசெல்லோவுக்கு வந்துகொண்டிருந்த பெட்டிகளுள் அப்பட்டியல்கள் இருந்த பெட்டி ஜேம்ஸ் ஆற்றில் திருடப்பட்டது. உள்ளே தாள்களை மட்டும் கண்ட திருடன் அவற்றை ஆற்றில் எறிந்தான். கரைச் சேற்றில் ஒதுங்கிய சில ஏடுகளே கிடைத்தன. அவ்விழப்பை அவர் அவ்வாண்டுச் செப்டம்பரில் பெஞ்சமின் ஸ்மித் பார்ட்டனுக்கு வருத்தத்துடன் எழுதினார். எஞ்சியவை பின்னர் அமெரிக்க மெய்யியல் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

இதே காலத்தில் சென்னையில் நடந்த முயற்சி ஒன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1816இல் வெளியான காம்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரைக் குறிப்பில், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் சொற்களையும் வேர்களையும் அடுக்கி, அவை ஒரே குடும்பத்தவை எனப் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் நிறுவினார். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் சித்தூர்ப் பகுதியாருக்கு அம்முடிவின் அருமை எளிதில் விளங்கும். எல்லிஸ் 1819இல் மறைந்தபின் அவரது தாள்களுள் பெரும்பகுதி அழிந்தது. எனினும் அச்சேறிய அக்குறிப்பு நிலைத்தது. ஜெஃபர்சனின் பட்டியல்கள் அச்சேறுமுன்பே ஆற்றோடு போயின. எழுத்தில் பதிவான மொழியும் பாதுகாப்பான மொழியன்று என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்று.

பண்ணைப் பேரேட்டின் மொழி

மடல்களை எழுதிய அதே கை, 1774இல் தொடங்கிய பண்ணைப் பேரேட்டையும் எழுதியது. வாழ்நாளில் ஜெஃபர்சனின் உடைமையாக இருந்த அடிமைகள் 600க்கும் மேற்பட்டோர். ஓய்வுக்காலத்தில் மான்டிசெல்லோவில் சுமார் 130 பேர் இருந்தனர். அவர்தம் பெயர், பிறந்த ஆண்டு, தாயின் பெயர், வாழும் பண்ணைப்பிரிவு ஆகியன பேரேட்டில் வரிசையாக உள்ளன. அளந்துகொடுத்த மக்காச்சோள மாவு, மீன், துணி, போர்வை ஆகியவற்றுக்கும் பட்டியல்கள் உள்ளன.

இருவகை எழுத்துகளின் சொல்லாட்சியும் வேறுபடுவதைக் காணலாம். மடல்களில் அவர் ‘பணியாட்கள்’, ‘என் மக்கள்’ என்னும் பொருளுடைய சொற்களையே பெரிதும் ஆள்கிறார். ‘குடும்பம்’ என்னும் சொல்லும் சிலவிடங்களில் அடிமைகளையும் உள்ளடக்கி வருகிறது. பேரேட்டிலோ அவர்கள் கால்நடை, கருவி ஆகியவற்றோடு ஒரே நூலில் எண்ணப்படுகின்றனர். தமிழ் வழக்கில் ‘படியாள்’ என்பதும், தெலுங்கு வழக்கில் ‘பாலேரு’ என்பதும் பண்ணையில் உழைத்தவரைக் குறிக்கும் சொற்கள். ‘படியாள்’ என்னும் சொல் அளந்து கொடுக்கும் படியை வெளிப்படையாகக் காட்டுகிறது. ‘குடும்பம்’ என்னும் சொல் அதனை மறைக்கிறது.

சிலவிடங்களில் மடலும் பேரேடும் ஒன்றாகிவிடுகின்றன. பண்ணை மேலாளர் யான்சிக்கு 1819 சனவரியிலும், மருமகன் எப்ஸுக்கு 1820 ஜூனிலும் எழுதிய மடல்களில், வயலில் உழைக்கும் ஆடவனின் விளைச்சலைவிட இரண்டாண்டுக்கு ஒருமுறை குழந்தை பெறும் பெண்ணால் வரும் ஆதாயமே பெரிது எனக் கணக்கிடுகிறார். அதே 1820 ஏப்ரலில் ஜான் ஹோம்ஸுக்கு எழுதிய மடலில், அடிமைமுறை என்பது காதைப் பிடித்துக்கொண்ட ஓநாய் போன்றது, பிடித்திருக்கவும் இயலாது, விடவும் இயலாது என்று கலங்குகிறார். 1820இல் எழுதிய இவ்விரு மடல்களுக்கிடையே உள்ள காலம் சில திங்களே.

1814 சூலையில் எட்வர்டு கோல்ஸ் என்னும் இளைஞர், அடிமை ஒழிப்புக்குத் தலைமையேற்குமாறு வேண்டி எழுதினார். அது இளைஞர்க்குரிய பணி, முதியவராகிய தமக்கு வேண்டுதல் ஒன்றே இயலும் என அடுத்த மாதம் விடை சென்றது. கோல்ஸ் தம் அடிமைகளுடன் வர்ஜீனியாவை விட்டு வெளியேற வேண்டாம் என்றும் அது அறிவுறுத்தியது. கோல்ஸ் அதனை ஏற்கவில்லை. 1819இல் தம்மிடமிருந்தோரை விடுவித்து இல்லினாய்ஸில் குடியேறி, 1822இல் அம்மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எழுதுகோல் மறுக்கப்பட்டோர்

1824 நவம்பரில் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் மான்டிசெல்லோவுக்கு வந்தார். இருவரும் வண்டியில் சென்றபோது நிகழ்ந்த உரையாடலை, வண்டியோட்டிய அடிமையான இஸ்ரேல் ஜில்லெட் கேட்டு நினைவில் வைத்திருந்தார். விடுதலை பெற்றபின் 1873இல் வெளிப்படுத்தினார். அடிமைகளுக்கு விடுதலையும் கல்வியும் வேண்டும் என்றார் லஃபாயெத். அச்சிட்டதைப் படிக்கக் கற்பிக்கலாம், எழுதக் கற்பித்தால் பொய்ச்சீட்டு எழுதிக்கொண்டு தப்பிவிடுவர், பின்னர் அவர்களை அடக்கிவைக்க இயலாது என்பது ஜெஃபர்சனின் கருத்தாக இருந்தது என்கிறது அக்கூற்று. எழுத்தின் ஆற்றலை அவர் எத்துணை நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. படிப்பது ஏற்பது, எழுதுவது செயற்படுவது.

ஆயினும் மான்டிசெல்லோவில் சிலர் எழுதினர். ஜெஃபர்சனின் மற்றொரு பண்ணையான பாப்லர் ஃபாரெஸ்டில் இருந்த ஹன்னா என்னும் பெண், அவர் நோயுற்றதைக் கேள்வியுற்று 1818 நவம்பர் 15இல் மடல் எழுதினார். உடல்நலம் பற்றிய கவலை, வீடும் பொருளும் பத்திரமாயிருக்கும் செய்தி, இறைவனை நினைக்குமாறு கூறும் ஆறுதல் ஆகியன அதில் உள்ளன. தம் எழுத்து எளியது எனத் தாழ்த்திக்கொண்டபோதிலும், சமய அறிவுரை கூறும் இடத்தில் உடைமையாளருக்கு இணையாக நின்று பேசுகிறார். திறன்மிக்க தச்சரான ஜான் ஹெமிங்ஸ் அப்பண்ணையிலிருந்து மரவேலையின் நிலவரத்தைத் தம் கைப்பட எழுதியனுப்பினார். செவிவழி ஒலிப்புக்கேற்ப எழுத்துக்கூட்டிய இம்மடல்கள், அக்கால வர்ஜீனியக் கறுப்பினத்தாரின் பேச்சு வழக்கை அறிய உதவும் அரிய சான்றுகள். ஆயிரக்கணக்கான மடல்களிடையே இவை மிகச் சிலவே.

மாடிசன் ஹெமிங்ஸ், வீட்டுப் பிள்ளைகளை வேண்டி எழுத்தறிந்ததாக 1873இல் கூறினார். தம் தாய் சேலி ஹெமிங்ஸின் மக்களுக்குத் தந்தை ஜெஃபர்சனே என்பதும் அவர் கூற்று. அக்குழந்தைகளின் பிறப்பைப் பேரேடு பதிந்துள்ளது. தந்தையின் பெயரை அது கூறவில்லை. 1998இல் வெளியான மரபணு ஆய்வுக்குப்பின், மான்டிசெல்லோவை நிருவகிக்கும் அறக்கட்டளை 2000ஆம் ஆண்டு அறிக்கையில் மாடிசனின் கூற்றைப் பெரிதும் ஏற்றது. பேரேடு மறைத்ததை வாய்மொழி காத்திருந்தது எனலாம்.

1826 ஜூன் 24இல் ராஜர் வெயிட்மனுக்கு எழுதிய மடலில், மனிதர் எவரும் முதுகில் சேணத்தோடு பிறப்பதில்லை, ஏறிச்செலுத்தும் உரிமையோடும் எவரும் பிறப்பதில்லை என்னும் கருத்தை ஜெஃபர்சன் வலியுறுத்தினார். சூலை 4ஆம் நாள் அவரும் ஆடம்ஸும் மறைந்தனர். அன்று விடுதலைச் சாற்றுரையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாள். அவர் விட்டுச்சென்ற கடன் 1,07,000 டாலருக்கும் மேல். இறுதிமுறியால் விடுதலை பெற்றோர் ஐவர். 1827 சனவரியில் 130 பேர் ஏலத்தில் விற்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. விடுதலை பெற்ற கொல்லர் ஜோசப் ஃபாசெட்டின் மனைவி ஈடித்தும் மக்களும் விற்கப்பட்டோருள் அடங்குவர். அவர்தம் மகன் பீட்டருக்கு அப்போது வயது பதினொன்று. பீட்டர் புதிய உடைமையாளரின் வீட்டில் மறைவாக எழுதக் கற்றார். உடன்பிறந்தாள் இசபெல்லாவுக்கு விடுதலைச் சீட்டு எழுதிக்கொடுத்துத் தப்பவைத்தார். 1824இல் வண்டியில் பேசப்பட்ட அச்சம் அவ்வாறே மெய்யாயிற்று. பிற்காலத்தில் சின்சினாட்டியில் சமய போதகராக விளங்கிய அவர், 1898இல் தம் நினைவுகளை வெளியிட்டார்.

முடிவுரை

ஜெஃபர்சனின் ஓய்வுக்காலம் எழுத்தால் நிறைந்தது. எழுதுவதற்கு வேண்டிய ஓய்வையும் உணவையும் வெளிச்சத்தையும் அடிமைகளின் உழைப்பு வழங்கியது. ஆகவே மடல்களைத் தனியே படிப்போர் ஒரு மேதையை மட்டும் காண்பர். பேரேட்டைத் தனியே படிப்போர் ஓர் உடைமையாளரை மட்டும் காண்பர். இரண்டையும் சேர்த்துப் படித்தாலொழிய மான்டிசெல்லோவின் வரலாறு முழுமை பெறாது. ஹன்னா, ஜான் ஹெமிங்ஸ், பீட்டர் ஃபாசெட் ஆகியோரின் சில வரிகள் அவ்வாசிப்புக்கு இன்றியமையாதவை.

இம்முறை அயல்நாட்டுச் சான்றுகளுக்கு மட்டும் உரியதன்று. பெரும்பாலும் தமிழில் அமைந்து, தேவஸ்தானத்தால் 1930களில் பதிப்பிக்கப்பெற்ற திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் கொடையாளியின் பெயரையும், கொடுத்த பொன்னையும், அதைக்கொண்டு சிற்றூர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டியதையும், அவ்விளைச்சலால் நடந்த அமுதுபடியின் அளவையும் நுணுக்கமாகக் கூறுகின்றன. மண் வெட்டியோரின் பெயர்கள் பெரும்பாலும் அவற்றில் இடம்பெறுவதில்லை. எழுதப்பட்டதைப் படிக்கும்போதே எழுத வாய்ப்பில்லாதோரையும் தேடிக் காண்பது மொழியாய்வாளர் கடமையாகும்.